பிரிக்க முடியாத சரக்கு

என் வீட்டுக்காரருக்கு வாய் கிடையாது. அவருக்கும் சேர்த்து ஆண்டவர் எனக்கே கொடுத்துவிட்டார் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? ஒரே ஒரு லாரி, அதற்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிற மனுஷன். அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் வாய் எதற்கு வேண்டும் என்று தெரியும்.

முன்பு எங்கள் லாரி தோல் மட்டும்தான் ஏற்றும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதப்படுத்தின தோலைக் கட்டுக் கட்டாக அடுக்கி, தார்ப்பாய் போட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார். தோல் ஒழுங்கான சரக்கு. எத்தனை கட்டு, என்ன எடை, எந்த ஊருக்குப் போகிறது, எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. நான் வேலை பார்ப்பதும் ஒரு தோல் ஷாப்பு ஆபீஸில்தான். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஏற்றுமதிக் காகிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. காகிதம் சரியாக இருந்தால் இந்த உலகத்தில் எதையும் எங்கேயும் அனுப்பலாம். ஜெபத்துக்கு அடுத்தபடியாக நான் நம்பியது ரப்பர் ஸ்டாம்பைத்தான்.

அப்புறம் தோல் லோடு கம்மியானது. இருந்த லோடையும் பெரிய கம்பெனிகளின் கன்டெய்னர் வண்டிகள் எடுத்துக்கொண்டன. ஒற்றை லாரி வைத்திருப்பவர்களுக்குக் கரும்புதான் மிச்சம். ஆலங்காயம் பக்கத்தில் மலையடிவாரத்துக் கிணற்றுப் பாசனத்தில் கரும்பு போடுகிறார்கள். வெட்டும் காலத்தில் வயலுக்குப் போய் ஏற்றிக்கொண்டு, வாணியம்பாடி வந்து, ஹைவேயில் கொஞ்ச தூரம் போனால் ஆலை. லோடு தினமும் கிடைத்தது. சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் எவ்வளவு கனம் என்று பிறகுதான் தெரிந்தது.

கரும்பு லாரியில் என்ன ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்பதை லாரிக்காரன் முடிவு பண்ணுவதில்லை. வெட்டுகிற ஆட்களுக்கு டன் கணக்கில் கூலி, அதனால் அவர்கள் இன்னும் ஏற்று என்பார்கள். ஆலையில் ஒரு லாரிக்கு ஒரு டோக்கன், அதனால் விவசாயியும் இன்னும் ஏற்று என்பார். ஆலைக்காரர்கள் வந்த கரும்பை எடை போட்டு இறக்கிக்கொள்வார்கள், அது எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று ஆளாளுக்கு எங்கள் லாரியில் பரிமாறிவிட்டுப் போவார்கள். ரோட்டில் மாட்டினால் மட்டும் அது டிரைவர் செய்த குற்றம்.

ஒருமுறை மாட்டவும் செய்தார். ஹைவேயில் பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தி, பக்கத்து எடைமேடையில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற எடைக்கும் மேடை காட்டின எடைக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள தூரம். கேஸ் எழுதினார். எழுதிவிட்டுத் தன்மையாகத்தான் சொன்னாராம்: "இந்தத் தடவை இதோட விடறேன். இன்னொரு தடவை இப்படி வந்தா லைசென்ஸை மூணு மாசம் நிறுத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்லை. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

அதை அவர் வீட்டில் வந்து சொன்னது சாப்பிட்டுக் கை கழுவின பிறகு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாத மூன்று மாதத்தில் கரும்பு சீசனே முடிந்துவிடும். வேறு டிரைவர் போட்டு ஓட்டுகிற அளவுக்கு எங்கள் லாரி சம்பாதிப்பதில்லை. லாரி வாசலில் நிற்கும், இவர் அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஸ்டியரிங் இல்லாத கையோடு அந்த மனுஷனை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"இனிமே அளவா ஏத்தறேன்னு சொல்லுங்க," என்றேன்.

"சொல்றேன்," என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி இருப்பார். அப்படி இருக்கிறவரை அடிக்கவா முடியும்?

சரி, இவரை மாற்ற முடியாது, ரோட்டின் சட்டத்திலாவது ஒரு வழி இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். அந்த யோசனையை எனக்குக் கொடுத்தது எங்கள் ஷாப்புக்கு வந்த ஒரு டிரம். தோலைப் போட்டு உருட்டுகிற பீப்பாய் அது, ஒரு வீட்டு அறையளவு இருக்கும். புதிதாக வாங்கியதை முழுசாக டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ரோட்டையே அடைத்துக்கொண்டு வந்தது. நாலு மூலையிலும் சிவப்புக் கொடி, முன்னால் ஒரு கார், எந்தச் செக்கிங்கிலும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏனென்றால் அதற்கு அனுமதிக் கடிதம் இருந்தது. அந்தக் கடிதத்தின் நகலை ஃபைலில் போட்டவளே நான்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மரப்பீப்பாய்க்கு அனுமதி உண்டு என்றால், ஊரெல்லாம் சர்க்கரையாகக் கரைத்துக் குடிக்கிற கரும்புக்கு இல்லாமலா போகும்? கேட்கத் தெரியாததால் இந்த லாரிக்காரர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று முடிவு பண்ணிவிட்டேன். தோல் ஏற்றுமதியில் இருக்கிறவளுக்குத்தான் இப்படித் தோன்றும். நாங்கள் எதற்கும் முதலில் படிவம் இருக்கிறதா என்று கேட்போம், அப்புறம்தான் அந்த வேலையைச் செய்யலாமா கூடாதா என்று யோசிப்போம்.

எங்கள் முதலாளி பாயிடம் சொன்னேன். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, கரும்புக்குப் பெர்மிட்டா? எதுக்கு இவ்ளோ பேஜாரு? உன் வீட்டுக்காரரக் கம்மியா ஏத்தச் சொல்லேன்."

"அவர் ஏத்தறதில்ல பாய். ஏத்தறாங்க."

"ஏத்தறாங்கன்னா இவரு வேடிக்கை பாத்துனு இருக்காரா?"

"ஆமா பாய்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எதற்கும் ஆபீஸில் போய்க் கேட்டுப் பார் என்றார்.

எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஒரு வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். ஆர்.சி. புத்தகம், ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு, டிரம்முக்குக் கிடைத்த கடிதத்தின் நகல், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும், பொறுமையான மனுஷி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இந்தக் கடிதம் டிரம்முக்குங்க மேடம். அதப் பிரிச்சு எடுத்துட்டுப் போக முடியாது. பிரிக்க முடியாத சரக்குன்னா தனியா அனுமதி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர் இந்த மாதிரி."

"கரும்புக்கு?"

"கரும்பைப் பிரிக்கலாமே. ஒரு லோடா கொண்டுபோறத ரெண்டு லோடா கொண்டுபோனா முடிஞ்சிது. அதனால அதுக்கு அனுமதின்னு ஒண்ணு கிடையாது."

"ஆலையே எழுதிக் குடுத்திருக்கு பாருங்க, இந்த வயல் கரும்பை வெட்டி அனுப்பலாம்னு."

"அது வெட்டறதுக்குங்க மேடம். ரோட்டுல போறதுக்கு இல்ல."

"விவசாயிங்க சரக்குக்குக்கூடவா ஒரு தயவு கிடையாது?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "தயவுன்னு இல்ல மேடம். லாரியோட பிரேக்குக்கு அது விவசாயி சரக்குன்னு தெரியாது இல்ல," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மரியாதைக் குறைவாகப் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன், நியாயமாகப் பேசினவரிடம் என்ன பேசுவது? ஃபைலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, ஸ்டாம்ப் போட முடியாத ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த சீசனின் முடிவில் வந்ததுதான் அக்காவின் கடைசி லோடு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவு. ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் நிலம். அவர் வீட்டுக்காரர் பெங்களூரில் ஓட்டல் வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். நிலத்தை அக்கா ஒரே ஆளாகப் பார்க்கிறார். என் வீட்டுக்காரர் சின்ன வயதில் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தவர். அக்கா போட்ட சோற்றை இன்றைக்கும் சொல்வார். அந்த வயல் கரும்பு என்றால் எங்கள் லாரிதான் போகும், வேறு வண்டியை அக்கா உள்ளே விடமாட்டார்.

கடைசி லோடுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வெட்டி முடிகிற அன்றைக்கு வயலில் ஒரு கரும்பைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது. இருப்பது அத்தனையும் ஒரே வண்டியில் ஏறவேண்டும். வண்டி முகப்பில் தோகையோடு இரண்டு கரும்பைக் கட்டி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி அனுப்புவார்கள். நிலத்துக்காரர் வண்டிக்குப் பின்னாலேயே ஆலை வரைக்கும் போகவேண்டும். மிச்சம் வைத்தால் மறுதாம்பு, அதாவது வெட்டின கட்டையிலிருந்து கிளம்புகிற அடுத்த பயிர், சரியாக வராது என்பது நம்பிக்கை. நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த வெட்டு ஆட்கள் மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அரை லோடுக்கு ஆலையில் டோக்கன் வாங்குவதும் லேசில்லை. நின்றது காய்ந்துதான் போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷாப்பிலிருந்து நேராக ஆலங்காயம் பஸ் ஏறினேன். இவரை நம்பி அந்தக் கடைசி லோடை விட எனக்குத் தைரியம் இல்லை.

நான் போய்ச் சேரும்போதே லாரி நிரம்பியிருந்தது. பக்கவாட்டுப் பலகைக்கு மேலே கரும்பு ஏறி, டிரைவர் கூரையைத் தாண்டி நின்றது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. அப்படியும் ஆட்கள் தலையில் கட்டோடு சாய்வுப் பலகையில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து ஒரு கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, போதும், நிறுத்துங்க," என்றேன்.

வெட்டு ஆட்களின் மேஸ்திரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னம்மா?" என்றார்.

"வெள்ளம் உங்களுது, தலை எங்க வீட்டுக்காரருது. அதான் கேக்கறேன்."

ஆட்கள் சிரித்தார்கள். ஆனாலும் ஒருவரும் நிற்கவில்லை. அக்கா அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்.

"இன்னாம்மா, வந்ததும் வராததுமா சண்டையா? காபி குடிச்சியா?"

"காபி இருக்கட்டுங்க்கா. ஏற்கனவே ஒரு கேஸு இருக்கு. இன்னொரு தடவை மாட்டினா லைசென்ஸு போயிடும். உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"ஒரு நாளைக்கு இன்னா ஆயிடப்போவுது? அவன் எனக்குத் தம்பி. அவனுக்குக் கெடுதல் வரணும்னு நெனைப்பனா? என் பூமியில மிச்சம் வெச்சி எனக்குப் பழக்கம் இல்லம்மா."

"உங்க பூமியில மிச்சம் இருக்கக் கூடாது. எங்க வீட்ல லைசென்ஸு இருக்கக் கூடாதா?"

அக்காவின் முகம் சுருங்கியது. சொன்னது தப்பில்லை, சொன்ன விதம் தப்பு என்று எனக்கே பட்டது. என் வாய் அப்படித்தான், முன்னால் போய் நின்றுகொண்டு அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்கும். இவர் வரப்பிலிருந்து எழுந்து வந்து, "இதான் கடைசி லோடு. உட்டுடு," என்றார். அவ்வளவுதான். கடைசிக் கட்டும் ஏறியது. குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கினார்கள்.

அன்று அக்கா வீட்டிலேயே தங்கினோம். படுக்கும்போது, "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அக்கா மொகத்தப் பாத்து எப்பிடி சொல்றது," என்றார். அவர் சொன்னது நிஜம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால்கூட இரண்டாவது தடவை சொல்ல முடியவில்லை. கோபத்திலேயே தூங்கிப்போனேன். காலையில் இவரோடு வண்டியில் ஏறிக்கொள்வது, யாராவது நிறுத்தினால் நானே இறங்கிப் போய்ப் பேசுவது, இதுதான் நான் எடுத்த முடிவு.

காலையில் பூஜை. அக்காவின் பெரிய மகளுக்குக் கை ராசி என்று வீட்டில் சொல்வார்கள், அவளைத்தான் கற்பூரம் காட்டச் சொன்னார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். கழுத்தில் கம்பெனி அட்டையோடு, ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் கற்பூரத்தில். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். லைசென்ஸுக்காகத்தான் சொன்னேன், மறைப்பானேன்?

"பஸ்ஸு போயிடும். வர்றேன் அத்தை, வர்றேன் மாமா," என்று தூக்குப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கம்பெனி பஸ் அந்த ஊர்ப் பெண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு தினமும் அந்த வழியாகத்தான் ஆம்பூருக்குப் போகும்.

லாரி வயலிலிருந்து ரோடு ஏறுவதற்கே முனகியது. பின்னால் அக்கா தன் மொபெட்டில் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பழைய மொபெட்டின் சத்தம் பின்தங்கிப்போனது, கண்ணாடியில் பார்த்தால் கரும்புதான் தெரிந்தது. அவ்வளவு அகலத்துக்குக் கரும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது.

இவருடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். எங்களுக்கு முன்னால் லோடு கொண்டுபோன இவருடைய தோஸ்த், வாணியம்பாடிக்காரர்.

"ரோடு கிளியருன்னு சொல்லும்மா. ஹைவேல யாரும் நிக்கல. எடைமேடைகிட்டகூட யாரும் இல்ல. ஒரே மிதியா வந்துடச் சொல்லு."

எனக்கு உயிர் வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். இவரும் லேசாகச் சிரித்தார். பாழாய்ப்போன ஒரு சீசன் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது. பையிலிருந்து நேற்றைய முறுக்கை எடுத்து அவருக்கு ஒன்று கொடுத்தேன்.

ஒரு ஏரிக்கரை தாண்டி அந்த ரோடு இறங்கும். பெரிய இறக்கம் இல்லை, காலி வண்டியில் போனால் இறக்கம் என்றே தெரியாது. கீழே ஒரு பஸ் ஸ்டாப். அங்கே கம்பெனி பஸ் நின்றுகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இவர் கியரைக் குறைத்தார். பிரேக்கை மிதித்தார். காற்றுப் பிரேக்கின் சீறல் கேட்டது, ஆனால் லாரி கேட்கவில்லை. நிற்க நினைக்கிற லாரியைப் பின்னால் இருந்து கரும்பு தள்ளிக்கொண்டே வந்தது. எதிரில் ஒரு டிராக்டர், அதனால் வலது பக்கம் ஒடிக்க முடியாது. இடது பக்கம் ஏறுவதற்காக நிற்கிற பெண்கள்.

"புடிச்சுக்கோ," என்றார். பாதம், முழங்கால், இடுப்பு என்று முழு உடம்பையும் அந்தப் பிரேக்கின்மேல் ஏற்றி நின்றார். ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸின் பின்கண்ணாடி எங்களை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி சீட்டில் இருந்தவர்கள் ஹாரன் கேட்டுத் திரும்பினார்கள். அதில் அக்காவின் மகளும் இருந்தாள். லாரியின் முகப்பில் தான் கற்பூரம் காட்டின கரும்புத் தோகையை அடையாளம் கண்டுகொண்டாள். மாமாதான் விளையாட்டுக்கு ஹாரன் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போல. சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

லாரி நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம். பஸ் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசிப் பெண்ணும் ஏறினதும் கிளம்பிப் போய்விட்டார். அந்தப் பெண் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

பிறகு இவர் வண்டியை மெல்ல ஓரங்கட்டினார். இறங்கி, முகத்தைக் கழுவினார்.

என் வாயில் முதலில் வந்தது சரியான பேச்சு இல்லை. "மெதுவா ஓட்டினு போலாம், இனிமே இறக்கம் இல்ல இல்ல? ரோடு கிளியருன்னு சொன்னாரு," என்றேன். இத்தனை நாள் அளவாக ஏற்றுங்கள் என்று கத்தினவள் நான்தான். பிடிக்க ஆள் இல்லை என்றதும் அந்த லைசென்ஸ் பத்திரமாகிவிட்டது, எனக்கும் அது போதும் என்று ஆகிவிட்டிருந்தது.

அவர் லாரியின் பக்கவாட்டில் கால் வைத்து ஏறினார். கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். மேலே நின்று முதல் கட்டைத் தூக்கி ரோட்டோரத்தில் போட்டார். பிறகு அடுத்தது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இவர் மிரளவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை, நெல் மூட்டை இறக்குகிறவர் மாதிரி நிதானமாக இறக்கிக்கொண்டே இருந்தார். அப்படிக் கீழே விழுந்த கரும்பு ஆலைக்குப் போகவே இல்லை. போகிறவர் வருகிறவர் ஆளுக்கொன்று முறித்துக்கொண்டு போனார்கள், மிச்சம் யார் யார் வீட்டு மாட்டுக்கோ போனது. அந்த வயலில் மறுதாம்பு எப்போதும்போலத்தான் வந்தது.

அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தார். மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். ரோட்டில் கிடக்கிற தன் கரும்பைப் பார்த்தார், மேலே நிற்கிற இவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லங்க்கா."

"நல்ல நாளும் அதுவுமா, பூஜை போட்டுக் கட்டின கரும்பத் தெருவுல எறிஞ்சினு இருக்கான் பாரு. டேய் தம்பி, எறங்கு கீழ. எறங்குடா." அக்காவின் குரல் உடைந்தது. "எனக்கு யாரு இருக்கான்னுதானே இப்பிடி பண்ற? உன் மாமன் ஊர்ல இருந்தா பண்ணுவியா? பிரேக் இன்ஸ்பெக்டருக்குப் பயந்துனு என் வயித்துல அடிக்கறியா?"

இவர் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தார்.

"இன்ஸ்பெக்டர் யாரும் இல்லக்கா. இன்னிக்கு ரோடு கிளியரு."

"அப்புறம் இன்னாத்துக்குடா?"

வாய் இல்லாத மனுஷன், வார்த்தையைத் தேடி எடுக்க அவருக்கு நேரமாகும். என்னால் சொல்லியிருக்க முடியும். என்னவோ, நான் சொல்லவில்லை.

"முன்னாடி கம்பெனி பஸ்ஸு நின்னுனு இருந்துச்சிக்கா. மிதிச்சேன், வண்டி நிக்கல. ஹாரன் அடிச்சேன்." பின்னால் ரோட்டைக் காட்டினார். "நம்ம பொண்ணு பின்னாடி சீட்ல இருந்துச்சி. மாமா கூப்புடுதுன்னு நெனச்சி, சிரிச்சினே கைய ஆட்டுச்சி."

அக்கா ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் டயர் இழுத்துக்கொண்டு வந்த இரண்டு கறுப்புக் கோடு இருந்தது. அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அந்தக் கோட்டோடு கண்ணாலேயே நடந்து போய் வந்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று விலக்கிவிட்டு, புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். லாரிக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

இவர் ஒரு கட்டைச் சரித்துக் கொடுத்தார். அக்கா வாங்கி ஓரமாக வைத்தார். மறுபடி கையை நீட்டினார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் வாங்கிக் கொடுக்க, நான் அடுக்கினேன். லாரியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டு வந்தது.

"போதுங்க்கா," என்றார் இவர் மேலிருந்து. "அளவுக்கு வந்துடுச்சி. இதுக்கு மேல எறக்கினா லோடு கம்மியாயிடும்."

அக்கா கையை இறக்கவில்லை.

"இன்னும் ரெண்டு கட்டு தள்ளு தம்பி," என்றார்.